வராந்தாவில் சொன்ன சொல்

ஜனவரி 9

தம்பிக்கு,

போன வாரம் மூன்று தடவை உனக்குப் போன் செய்தேன். மூன்று தடவையும் அடித்து அடித்து ஓய்ந்துபோனது. என்னோடு பேசப் பிடிக்கவில்லை என்றால் அது புதிதில்லை. வருடத்துக்கு ஒரு கடிதம் என்று நாம் வாழப் பழகி இருபத்திரண்டு வருடமாகிறது. ஆனால் இது என் சொந்த வேலை இல்லை, சபை வேலை. அதனால் எழுதுகிறேன்.

நீ குரல் கொடுத்த அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை எங்கள் சபைக் கூடத்தில் பிப்ரவரியின் நாலு ஞாயிறு மாலைகளிலும் பகுதி பகுதியாகப் போடப் போகிறோம். ஆண்டவரைத் தெரியவே தெரியாது என்று மூன்று தடவை சாதித்துவிட்டு, பிறகு வெளியே போய் உடைந்து அழுத மீனவச் சீடனின் கதை. யாரோ வெளிநாட்டுக்காரர்கள் எப்போதோ எடுத்த படம். தமிழில் அவனுக்கு உன் குரல். ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு வருடா வருடம் நான் போட்டுக் காட்டுவதுதான். இந்தத் தடவை பெரியவர்களுக்கு. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கால் மணி நேரம் பாடம். நாலு பாடத்தையும் எழுதுகிற பொறுப்பைப் போதகர் என் தலையில் கட்டிவிட்டார். பகலெல்லாம் யூனிஃபார்ம் துணி வெட்டுகிறவளுக்கு இது தேவையா என்று கேட்டேன். "வெட்டத் தெரிஞ்சவங்கதான் சுருக்கமா எழுதுவாங்க" என்கிறார்.

முதல் பாடம் முடிந்தது. எல்லாரும் ஓடினாலும் நான் ஓட மாட்டேன் என்று அவன் மார்தட்டுகிற காட்சி. இரண்டாவது, பிடித்துக்கொண்டு போகிறவர்களுக்குப் பின்னால் அவன் எட்டத்தில் நடந்து போவது. மூன்றாவதுதான் முக்கியம். முற்றத்தில் நெருப்புக் காய்கிறவனை வேலைக்காரப் பெண் முகத்தை வைத்தும் மற்றவர்கள் பேச்சை வைத்தும் கண்டுபிடித்துவிடுகிறார்களே, அது. அந்த இடத்தில் உன் குரல் நடுங்குவதைக் கேட்டால் இன்றைக்கும் கூடத்தில் ஒரு நாற்காலி அசையாது.

பிப்ரவரி கடைசி ஞாயிறு நீ வந்து பத்து நிமிடம் பேச வேண்டும் என்று போதகர் கேட்கச் சொன்னார். அந்த நடுக்கத்தை எங்கிருந்து கொண்டுவந்தாய் என்று எல்லோருக்கும் தெரிந்துகொள்ள ஆசை. எனக்கில்லை. கேட்கச் சொன்னார், கேட்டுவிட்டேன்.

உன் அக்கா


ஜனவரி 16

அக்காவுக்கு,

போன் எடுக்காததற்குக் காரணம் கோபம் இல்லை. தொண்டை கட்டியிருக்கிறது. குரலை விற்றுச் சாப்பிடுகிறவன் தொண்டை கட்டினால் வாயைப் பூட்டிக்கொண்டு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சரக்கு கெட்டுவிடும்.

என் பேச்சு வேண்டுமென்றால் இங்கே எந்தப் பேருந்து நிலையத்துக்கு வந்தாலும் கேட்கலாம். எந்த வண்டி எந்த மேடை, படியில் தொங்காதே, பையை விட்டுவிட்டுப் போகாதே, எல்லாம் நான்தான். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் பேர் என் பேச்சைக் கேட்டு நடக்கிறார்கள். நம் வீட்டில்தான் யாரும் கேட்டதில்லை, ரேடியோ என்று பேர் வைத்ததோடு சரி.

கூட்டத்துக்கு என்னால் வர முடியாது. போதகரிடம் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடு. இன்னொன்று, அந்த முற்றத்துக் காட்சியை விட்டுவிட முடியாதா? வலை கிழிகிற அளவுக்கு மீன் விழுகிற இடம் இருக்கிறதே, அதைவிட நல்ல காட்சி எது? அதை வைத்து எழுது. என்னைப் பற்றி எங்கேயும் ஒரு வரி வேண்டாம்.

வேறொரு விஷயம். அப்பாவுக்குத் தொண்டை எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? முதலில் குரல் கம்மியதா, வலி வந்ததா? எத்தனை வாரம் கழித்து டாக்டரிடம் போனார்? சும்மாதான் கேட்கிறேன்.

உன் ரேடியோ


ஜனவரி 23

தம்பிக்கு,

சும்மா கேட்கிறவன் எத்தனை வாரம் என்று கேட்க மாட்டான்.

ஞாபகம் இருக்கிறதா என்கிறாய். எனக்கு வேறு என்ன ஞாபகம் இருக்கிறது? மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கிற மாணவனை ஒரே அதட்டலில் திருப்புகிற உடற்பயிற்சி வாத்தியார் அவர். முதலில் அந்த அதட்டல் பிசிறு தட்டியது. வலி இல்லை. கத்திக் கத்தி வந்தது என்று ஏழு வாரம் விட்டுவிட்டார். பிறகு விழுங்கும்போது காதுக்குள் ஊசி குத்துகிற மாதிரி வலி. தொண்டை வலி காதில் ஏன் வருகிறது என்று சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. குரல்வளையை மொத்தமாக எடுத்தார்கள். கழுத்தில் ஒரு துளை. அந்த வழியாகத்தான் மூச்சு. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியில் நாற்பத்தோரு நாள் இருந்தார். நீ ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஒலிப்பதிவு என்றாய்.

இரண்டாவது பாடத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். எட்ட நின்று பின்தொடர்கிறவனைப் பற்றியது. படத்தில் அந்த இடத்தில் அவன் முகத்தைக் காட்டவே மாட்டார்கள், சந்து முனையில் தயங்குகிற இரண்டு கால்களை மட்டும் காட்டுவார்கள். அன்பு இல்லாதவன் வீட்டுக்குப் போயிருப்பான், தைரியம் உள்ளவன் பக்கத்தில் போயிருப்பான், இவன் இரண்டிலும் சேராமல் நடுவில் நிற்கிறான் என்று எழுதியிருக்கிறேன்.

பாடத்தைப் பற்றி நீ ஒன்றும் எழுத வேண்டாம். உனக்குத் தொண்டை கட்டி எத்தனை வாரமாகிறது? அதை மட்டும் எழுது.

அக்கா


பிப்ரவரி 1

அக்காவுக்கு,

பதினோரு வாரம்.

காது வலி மூன்று வாரமாக இருக்கிறது. மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு டாக்டர் பார்த்தார். உள்ளே இருப்பதைத் திரையில் காட்டினார். வாழ்நாளெல்லாம் திரையைப் பார்த்துப் பேசியவன் நான், அன்றைக்கு ஒரு சொல் வரவில்லை. சின்னதாகச் சதை கிள்ளி எடுத்தார்கள். வியாழக்கிழமை முடிவு வந்தது. அப்பாவுக்கு வந்த அதே நோய், அதே இடம்.

"கதிர்வீச்சு கொடுத்துப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது என்றார். மார்ச் நாலாம் தேதி அறுவை. குரல்வளை முழுவதும் போகும். அவர் நல்ல மனிதர்தான். சொல்லிவிட்டு என் குரலைப் பற்றி, "உங்களை எங்கேயோ கேட்டிருக்கேனே" என்றார். "பஸ் ஸ்டாண்டில்" என்றேன். சிரிக்கப் பார்த்தார், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஒலிப்பதிவு செய்கிற நண்பன் ஒருவனிடம் மட்டும் இதைச் சொன்னேன். அவன் என்னை ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கூட்டிப்போய், "குரல் போறதுக்குள்ள எல்லாத்தையும் பதிஞ்சு வச்சிரலாம். எண்கள், ஊர்ப் பெயர்கள், வணக்கம், நன்றி" என்றான். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்தேன். தடித்த திரை, கம்பளம் ஒட்டின சுவர், மைக். முப்பது வருடம் வீடு மாதிரி இருந்த அறை. அங்கே என் மூச்சு எனக்கே கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று நாற்பது வரைக்கும் சொன்னேன். அதற்கு மேல் முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

பயமாக இருக்கிறது, அக்கா. சாவு இரண்டாவது பயம். முதல் பயம் கண்ணாடி. முகம் கழுவ நின்றால் கழுத்தைப் பார்க்காமல் கழுவுகிறேன். சவரம் செய்து ஒரு வாரமாகிறது. அந்தத் துளையை நான் தினமும் பார்க்க வேண்டும், அதைத் துடைக்க வேண்டும், அது இரைகிற சத்தத்தோடு தூங்க வேண்டும்.

நீ கேட்டதற்குப் பதில் எழுதிவிட்டேன். யாருக்கும் சொல்லாதே.

ரேடியோ


பிப்ரவரி 6

தம்பிக்கு,

கடிதத்தை வேலையிடத்தில் பிரித்தது தப்பு. வெட்டும் மேசையில் நாற்பது அடுக்குத் துணி விரித்து வைத்திருந்தேன். படித்துவிட்டுக் கத்தியை ஓட்டினேன். கழுத்து வளைவு எல்லா அடுக்கிலும் கோணலாகப் போய்விட்டது. மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "இருபது வருஷத்துல இப்படி ஒரு தப்பு நீங்க பண்ணினதே இல்லையே" என்றார். தலைவலி என்றேன்.

மூன்றாம் தேதி நான் அங்கே வந்துவிடுவேன். விடுப்பு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. வேண்டாம் என்று எழுதாதே.

நீ பயப்படக் கூடாது. விசுவாசம் இருக்கிற இடத்தில் பயத்துக்கு இடம் இல்லை. முற்றத்தில் அந்தச் சீடன் விழுந்ததே பயத்தால்தான், அவன் கண்ணை நெருப்பிலும் வேலைக்காரியிடமும் வைத்தான், ஆண்டவரிடம் வைக்கவில்லை. மூன்றாவது பாடத்தில் இதைத்தான் எழுதியிருக்கிறேன். படித்துப் பார். இரண்டு தடவை படி. தினமும் ஜெபிக்கிறேன்.

அக்கா


பிப்ரவரி 12

அக்காவுக்கு,

வராதே.

உன் மூன்றாவது பாடத்தை இரண்டு தடவை படித்தேன். நன்றாக வெட்டித் தைத்திருக்கிறாய், ஒரு நூல் பிசிறு இல்லை. ஆனால் பயந்தவன் ஒருவனை நீ பக்கத்தில் இருந்து பார்த்ததே இல்லை என்று தெரிகிறது. அந்த நடுக்கத்தை எங்கிருந்து கொண்டுவந்தாய் என்று போதகர் கேட்டாரே, சொல்கிறேன். இதைப் படித்த பிறகு நீ வர மாட்டாய். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

நாற்பத்தோரு நாளில் நான் ஒரு நாள் வந்தேன்.

மதியம், பார்வையாளர் நேரம். நீ சாப்பிடப் போயிருக்க வேண்டும், உன்னைக் காணவில்லை. வராந்தாவில் நர்ஸ் மேசை. அதைத் தாண்டி வார்டுக் கதவு, பாதிக் கண்ணாடி. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பதினேழாம் படுக்கையில் அப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்திருந்தார்கள். ஒருத்தி கழுத்துத் துளைக்குள் குழாயை விட்டு எதையோ உறிஞ்சி எடுத்தாள். உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவர் வாய் திறந்திருந்தது. இருமுகிறார், ஆனால் இருமல் வாயில் இல்லை, கழுத்தில் இருந்தது. மைதானம் முழுக்கக் கேட்கிற மனிதர், அக்கா. என் கால் அங்கேயே நின்றுவிட்டது.

மேசையில் இருந்த நர்ஸ், "பதினேழுக்குச் சொந்தமா நீங்க? நல்ல நேரத்துல வந்தீங்க, உள்ள வாங்க, கொஞ்சம் பிடிக்கணும்" என்றாள்.

"இல்லைங்க, எனக்கு அவரைத் தெரியாது" என்றேன். "வேற ஒருத்தரைத் தேடி வந்தேன்."

தள்ளுவண்டியோடு வந்த அட்டெண்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முகம் அச்சு அசலா அவர் மாதிரியே இருக்கே சார்."

"யாரு அவர்? எனக்குத் தெரியவே தெரியாது" என்று சத்தமாகவே சொன்னேன். சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். மூன்று தடவை என்று எழுதினால் உன் பாடத்துக்குப் பொருத்தமாக இருக்கும். இரண்டு தடவைதான். மூன்றாவதாகக் கேட்க அங்கே ஆள் இல்லை.

ஒன்பது நாள் கழித்து அந்த முற்றத்துக் காட்சியைப் பதிந்தோம். வசனத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு முன்பே தெரியாது, அப்போதெல்லாம் அங்கேயே கையில் கொடுப்பார்கள். திரையில் அந்தப் பெண் விரலை நீட்டுகிறாள், நான் பேச வேண்டும். ஒரே தடவையில் முடிந்தது. வெளியே வந்தபோது எல்லாரும் கை குலுக்கினார்கள். இரண்டாம் தடவை பேசச் சொல்லியிருந்தால் ஓடியிருப்பேன்.

நீ இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவது நடிப்பு இல்லை. அதைப் பாடம் என்று என்னிடமே அனுப்பாதே. என் கழுத்தில் துளை விழும்போது அந்த வராந்தாவில் யாரும் நிற்க வேண்டியதில்லை. அது எனக்கு வர வேண்டியதுதான்.


பிப்ரவரி 23

தம்பி,

இதை ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். ஆறாவது தடவை எப்படி வருகிறதோ அப்படியே அனுப்பப் போகிறேன்.

எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும்.

சாப்பிட்டுவிட்டு வந்தேன். அப்பா சிலேட்டைக் கேட்டார். குரல் போன பிறகு குழந்தைகள் சிலேட்டு ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தேன், எழுதுவதற்கு என் வேலையிடத்து நீலச் சாக்குக்கட்டி. "ரேடியோ வந்தான்" என்று எழுதினார். எங்கே என்றேன். வராந்தாவைக் காட்டினார். "பார்த்தீங்களா?" என்றேன். தலையாட்டினார், இல்லை என்று. காதைத் தொட்டுக் காட்டினார். உன் குரலைக் கதவுக்கு உள்ளே இருந்து கேட்டிருக்கிறார். நான் வெளியே போய் அந்த நர்ஸிடம் விசாரித்தேன். "ஒருத்தர் வந்தாரு, நல்ல குரல். தெரியாதுன்னுட்டாரு" என்றாள்.

திரும்பி வந்தேன். என் முகத்தில் என்ன இருந்ததோ. அப்பா அதைப் பார்த்துவிட்டு வேகமாக எழுதினார், சாக்குக்கட்டி உடைந்தது, உடைந்த துண்டால் எழுதினார். "அவனைத் திட்டாதே. பயந்துட்டான். எனக்கும் பயம்தான். வரச் சொல்லு."

வரச் சொல்லு என்று அடியில் ஒரு கோடும் போட்டார்.

நான் அதைப் படித்தேன். கைக்குட்டையை எடுக்கக்கூடப் பொறுமை இல்லை, ரவிக்கைக் கையாலேயே சிலேட்டைத் துடைத்தேன். உனக்குச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் பதினாறு நாள் இருந்தார். கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் பார்ப்பார். மூன்று தடவை என்னிடம், "சொன்னியா?" என்று எழுதிக் கேட்டார். மூன்று தடவையும் சொன்னேன் என்று தலையாட்டினேன். பார், உனக்கு வராத எண்ணிக்கை எனக்கு வந்துவிட்டது. கூப்பிட்டும் மகன் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு போனார். அதை அவருக்குச் செய்தவள் நான். நீ வரவில்லை என்று ஊருக்கெல்லாம் சொன்னேன். நீ ஒரு நாள்கூட எட்டிப் பார்க்கவில்லை என்று போன மாதம் உனக்கே எழுதினேனே, அது பொய் என்று தெரிந்துதான் எழுதினேன்.

உனக்குப் பயம். எனக்குக் கோபம். நாற்பது நாள் நான் தனியாகப் பிடித்த குழாயை ஒரு நிமிடம் பிடிக்க முடியாதவனை அவர் ஒரே வரியில் மன்னித்துவிட்டார். அது எனக்குத் தாங்கவில்லை.

நேற்று கடைசிப் பகுதியைப் போட்டார்கள். அதற்கு முன்னால் முதல் பகுதியிலிருந்து ஒரு காட்சியை மறுபடி போடச் சொல்லிக் கேட்டேன். தோட்டத்துக் காட்சி. பிடித்துக்கொண்டு போவதற்கு முன் ஆண்டவர் மரங்களுக்கு நடுவே மண்டியிட்டிருப்பார். நெற்றியெல்லாம் வியர்வை. எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், நேற்றுதான் கண்ணில் பட்டது. அவருக்கே பயம். பயம் இல்லை என்று அவர் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கூட இருங்கள் என்று சிநேகிதர்களைக் கேட்கிறார். அவர்கள் தூங்கிவிடுகிறார்கள்.

விசுவாசம் இருக்கிற இடத்தில் பயத்துக்கு இடம் இல்லை என்று உனக்கு எழுதினேன். அப்படி எழுத எனக்கு என்ன தைரியம் வந்தது? பயந்தவர் துணை கேட்டார். அப்பாவும் அதைத்தான் கேட்டார். நான் அந்தக் கேள்வியைத் துடைத்துவிட்டு, இருபத்திரண்டு வருடம் அதே படத்தை வைத்து மற்றவர்களுக்கு மன்னிப்பைப் பற்றிப் பாடம் எடுத்தேன்.

நாலாவது பாடத்தை வாசிக்கவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு, உன் பெயரைச் சொல்லாமல், நான் செய்ததை மட்டும் சொன்னேன். நாற்பது பேர் இருந்தார்கள். முடிந்ததும் பாதிப் பேர் என் பக்கம் வராமல் அடுத்த கதவு வழியாகப் போனார்கள். போதகர் நாற்காலிகளை மடிக்க ஆரம்பித்தார். "அடுத்த மாசம் பிள்ளைகள் வகுப்புக்கு வேற யாரையாவது பார்த்துக்கோங்க" என்றேன். "அதை அப்புறம் பேசுவோம், முதல்ல தம்பிகிட்ட சொல்லுங்க" என்றார்.

சொல்லிவிட்டேன். அப்பா உன்னை வரச் சொன்னார். இருபத்திரண்டு வருடம் தாமதமாகச் சேர்க்கிறேன்.

இப்போது எனக்கு இருக்கிற பயம் என்ன தெரியுமா? மூன்றாம் தேதி நான் வந்து நிற்பேன், நீ நர்ஸிடம் என்னைத் தெரியாது என்று சொல்வாய். சொன்னாலும் வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன்.

அக்கா


மார்ச் 1

அக்காவுக்கு,

வார்டில் சேர்த்துவிட்டார்கள். இது படுக்கையிலிருந்து.

உன் கடிதத்தைப் படித்ததும் சுவரில் கையால் ஓங்கிக் குத்தினேன். நர்ஸ் ஓடி வந்தாள். அவர் காத்திருந்தாரா? ஒவ்வொரு தடவையும் கதவைப் பார்த்தாரா? நான் ஐந்து தெரு தள்ளித்தான் அறை எடுத்திருந்தேன், அக்கா. நடந்தே வந்திருப்பேன். வந்திருப்பேனா என்றும் தெரியவில்லை. அதுதான் கொல்கிறது. வந்திருப்பேனா என்று தெரிந்துகொள்கிற வாய்ப்பையும் நீ துடைத்துவிட்டாய்.

உன்னை மன்னிக்க இன்றைக்கு என்னிடம் தெம்பு இல்லை. நாளைக்கும் இருக்காது. பொய்யாக எழுத விருப்பம் இல்லை.

ஆனால் வா. மூன்றாம் தேதி சீக்கிரம் வா. நாலாம் தேதி காலை ஏழு மணிக்குக் கூட்டிப்போவார்கள். அதற்கு முன்னால் கொஞ்சம் பேச வேண்டும். எதைப் பற்றி என்று கேட்காதே. கத்தவும் செய்வேன். கத்த முடிகிற கடைசி நாள், கேட்டுக்கொண்டு உட்கார்ந்திரு.

பெண்கள் தங்குகிற அறை கீழ்த்தளத்தில் இருக்கிறது. போர்வை கொண்டு வா, குளிர்கிறது.

ரேடியோ


மார்ச் 18

தம்பிக்கு,

நேற்று வந்து சேர்ந்தேன். உன்னை விட்டுவிட்டு வந்தது எனக்கு ஒப்பவில்லை. மேஸ்திரி இதற்கு மேல் விடுப்பு இல்லை என்றுவிட்டார். பள்ளிகள் திறப்பதற்குள் ஆயிரம் சட்டை போக வேண்டும்.

பேருந்து நிலையத்தில் உன் குரல் என்னை மூன்றாம் மேடைக்குப் போகச் சொன்னது. கையில் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் இடித்துவிட்டுத் திட்டினார்.

மூன்றாம் தேதி நீ கத்தியதில் ஒன்றையும் நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன். கடைசியில் தண்ணீர் கேட்டாயே, அதையும் மறக்கவில்லை. பதிமூன்று நாளும் குழாயைப் பிடித்தபோது உன் கண் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. நான் கிளம்பும்வரை நீ ஒரு தடவையும் கண்ணாடியைக் கேட்கவில்லை. கேட்காவிட்டால் பரவாயில்லை. அவசரம் ஒன்றும் இல்லை.

வெட்டி எடுத்ததன் ஓரம் நோயில்லாமல் சுத்தமாக இருக்கிறதா என்று பரிசோதனை முடிவு எப்போது வரும்? இங்கே போன் அடித்தாலே கத்தியை வைத்துவிட்டு ஓடுகிறேன். ஒரு வரி எழுது.

அக்கா


மார்ச் 25

அக்காவுக்கு,

முடிவு இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை என்கிறார்கள். காயம் ஒரு ஓரத்தில் ஆறவில்லை, அதனால் இன்னும் இங்கேதான். பயம் போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. ஒவ்வொரு இருமலுக்கும் இதுதான் கடைசியோ என்று படுக்கைக் கம்பியைப் பிடித்துக்கொள்கிறேன். ஜெபம் செய்யத் தெரியவில்லை. கூட இரு என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். உதடுதான் அசைகிறது.

நேற்று நடந்த ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும்.

நீ போன மறுநாள் பக்கத்துப் படுக்கைக்கு ஒருவர் வந்தார். பள்ளி வேன் ஓட்டுகிறவர். என்னைப் போலவேதான், அவருக்கு நாளைக்கு அறுவை. வந்த அன்று என் கழுத்தைப் பார்த்துவிட்டு நர்ஸிடம், "வேற படுக்கை கிடைக்குமா?" என்று கேட்டார். கிடைக்கவில்லை. அதிலிருந்து என் பக்கம் முதுகைக் காட்டித்தான் படுப்பார். எனக்குக் கோபம் வரவில்லை. அந்த முதுகை எனக்குத் தெரியும்.

அவர் மனைவி வந்த நாள் முதல் மேலே ஏறவே இல்லை. சாப்பாட்டுப் பாத்திரத்தை அட்டெண்டரிடம் கொடுத்து அனுப்புவார். "கீழ உட்கார்ந்திருக்காங்க, வர மாட்டேங்கிறாங்க" என்று அட்டெண்டர் சொல்லுவார். வேன்காரர், "அவளுக்கு மூட்டு வலி" என்பார். தினமும் அதையே சொன்னார்.

நேற்று காலை நர்ஸ் என்னை நடக்கச் சொன்னாள். வராந்தா வரைக்கும் போனேன். படிக்கட்டு முடிகிற இடத்தில் அந்த அம்மாள் நின்றிருந்தார். மூட்டு வலியோடு அத்தனை படியும் ஏறி வந்திருக்கிறார். வார்டுக் கதவுக்கும் அவருக்கும் நடுவில் பத்தடி. போனைக் காதில் வைத்துக்கொண்டு யாரிடமோ பேசுகிற மாதிரி நின்றார். போன் அணைந்திருந்தது. என் கழுத்துத் துணியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்குத் திரும்பிப் படுக்கைக்குப் போக வேண்டும் போல இருந்தது. போக ஆரம்பித்துவிட்டேன். இரண்டு எட்டு வைத்தேன். பிறகு என்ன வந்ததோ தெரியவில்லை, சட்டைப் பையிலிருந்த தாளை எடுத்து எழுதி அவரிடம் நீட்டினேன். "முதல்ல என்னைப் பாருங்க. அப்புறம் அவரைப் பார்க்கலாம்."

அந்த அம்மாள் படித்தார். "என்னால முடியாதுங்க ஐயா" என்றார். "முப்பது வருஷமா பார்த்த கழுத்து அது."

நான் துணியின் முடிச்சை அவிழ்த்தேன். முடிச்சு இறுகிக்கொண்டது. அவிழ்த்து எடுத்தேன். நானே இன்னும் பார்க்காததை அந்த அம்மாளிடம் காட்டிக்கொண்டு நின்றேன். மூச்சு அதற்குள் போவதும் வருவதும் கேட்டது. அவர் கண்ணை இறுக மூடினார். பிறகு ஒரு கண்ணை, பிறகு இரண்டையும் திறந்தார். வெகு நேரம் பார்த்தார். ஒருத்தர் என்னை அப்படிப் பார்த்து முடிக்கும்வரை நான் நகராமல் நின்றேன், அக்கா.

"வலிக்குதா?" என்று கேட்டார்.

கொஞ்சம் என்று கையைக் காட்டினேன்.

"இவ்வளவுதானா?" என்றார். அழுதுகொண்டே சொன்னார். சேலை முனையால் முகத்தைத் துடைத்தார், போனைப் பைக்குள் போட்டார். நான் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டேன்.

வேன்காரர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். எழுந்து உட்கார்ந்து வாயைத் திறந்தார். நாளைக்குப் போகப் போகிற குரல் அது. அதை வைத்துக்கொண்டு என்ன சொல்லப் போகிறார் என்று நான் கதவைப் பிடித்தபடியே நின்றேன்.

"சாப்பிட்டியா?" என்றார்.

உன் தம்பி